திருத்தாத உதடு

ஸ்டுடியோவில் அவளுக்கு முகங்களைத் திருத்தும் வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை, எல்லாவற்றையும் கணினியில் அழிப்பாள். அசல் படத்தை மட்டும் தேதியோடு தனியாக வைப்பாள். வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் காட்ட வேண்டுமே.

பிறப்புறுப்பில் கொப்புளமும் காய்ச்சலும் வந்து, சிறுநீர் கழிக்கவே அவள் அழுதுகொண்டிருந்த வாரத்தில், மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளனாக இருந்த அவள் கணவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"யாரு அவன்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தாய்க்கும் தங்கைக்கும் சொல்லிவிட்டான். மாமியார் தனித் தட்டு, தனி வாளி ஒதுக்கினாள். சித்தப்பா வீடு, மாமா வீடு என்று பதினோரு வீடுகளுக்குப் போன் போனது. அவள் பெட்டியோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மருத்துவர் கொப்புளத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்.

"ஹெர்பிஸ். ஒண்ணாம் வகை. உதட்டோரம் கொப்புளம் வருமே, பெரும்பாலும் அதுதான். உங்க வீட்டுக்காரருக்கு வருமா?"

"வருஷத்துக்கு ரெண்டு தரம்."

"வாய் பட்டா கீழேயும் ஒட்டிக்கும். புண் இருக்கும்போது சுலபமா ஒட்டும், சில நாள் புண் இல்லாமலும் ஒட்டும். தட்டு, வாளியால பரவாது. யார்கிட்டேருந்து, எப்போன்னு சோதனை சொல்லாது. அடியோட போகாது, மாத்திரையில அடங்கும். அவரையும் வரச் சொல்லுங்க."

மாமியார் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். "எனக்கா? என் உதட்டுல எதுவும் வந்ததே இல்ல" என்றான் அவன். மாமியாரும் தலையாட்டினாள்.

அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு ஆறு நாள் முன்புதான் குடும்பப் படம் எடுத்திருந்தார்கள். உதட்டை மட்டும் சரி பண்ணிவிடு என்று அவன் கெஞ்சியதால் அவளே அழித்த கொப்புளக் கூட்டம் அசலில் பளபளத்தது. அதைக் கதவளவுக்கு அச்சிட்டுச் சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தாள்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். "என்னண்ணா இது, தேனீக்கு முத்தம் குடுத்தியா?"

"சூட்டுக் கொப்புளம்டி அது" என்றாள் மாமியார்.

"அப்போ வந்ததே இல்லன்னு தலையாட்டினது யாரு அத்தை?"

நாத்தனார் மெல்லச் சொன்னாள். "தெரிஞ்சுபோச்சுல்ல அண்ணி. வீட்டுக்கு வாங்க."

"அவசரமில்ல. பதினோரு வீட்டுக்குப் போன் பண்ணாருல்ல, இப்போ நேர்ல போகட்டும். இந்தப் படத்தையும் தூக்கிட்டு."

"மானத்தை வாங்காதே" என்றான் கணவன்.

"என்னோடதைத்தான் திருப்பிக் கேக்கறேன்."

அவன் போனான். படம் எந்தப் பேருந்திலும் ஏறவில்லை. தோளில் சுமந்தே நடந்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் போன் செய்து, என்ன சொன்னான் என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டாள். மாமா வீட்டில் மென்று விழுங்கினான் என்று தெரிந்ததும் மறுபடி அனுப்பினாள். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

பதினோராவது வீடும் முடிந்து அக்கா வீட்டு வாசலுக்கு வந்தான்.

"எல்லாம் சொல்லிட்டேன். வா."

"டாக்டரைப் பாருங்க. மாத்திரை இருக்கு."

"நீ?"

"எனக்கும் குடுத்திருக்காங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.