சின்ன ல, பெரிய ள

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கடி வாங்கியிருக்க மாட்டேன்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் எழுதுவினைஞர். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை, அதே ஈரம் பிடித்த சுவர். சித்திரையில் விழுந்த ஓர் இடியோடு ஆபிஸ் கம்பியூட்டர் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பெரிய மனசு பண்ணி இன்னொன்று அனுப்பிவைத்தார். நல்ல மனுஷர், குறை சொல்லக் கூடாது. ஆனால் அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸாம். எந்த மெனுவும் பழைய இடத்தில் இல்லை. பிரின்டர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. எதைத் தொட்டாலும் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் அனுப்பியவரிடம் இருந்தது, அவரிடமிருந்து பதில் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தின் கம்பியூட்டர் வைத்தியர், கணக்குப் பாடம் எடுக்கும் சேர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு. செத்த கம்பியூட்டரின் வயிற்றைத் திறந்து என் பழைய கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் எடுத்துத் தந்திருந்தார். புதியதில் அவற்றைத் திறந்து பார்த்தால், ஐயோ, தமிழ் ஒன்றுகூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். நான் பழைய காலத்து எழுத்துருவில் தட்டச்சு செய்தவள். அது ஆங்கில எழுத்துக்கு மேலே மாட்டிவிட்ட தமிழ்ச் சட்டை. இந்தக் கம்பியூட்டரிடம் அந்தச் சட்டை இல்லை, அதனால் எல்லாம் அம்மணமாக நின்றன. எழுத்துருவைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சேர் உட்கார்ந்தார். அதற்கும் கடவுச்சொல் கேட்டது. எழுந்து போய்ப் பிளேன்டீ குடித்தார்.

எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. கையாலேயே எழுதி, சீல் குத்தி, இரண்டு வாரம் ஓட்டினேன். பழைய கோப்பு யாருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை, மழையோடு மழையாக, எங்களிடம் படித்த பெண் ஒருத்தி வந்து நின்றாள். இப்போது முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள். கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கூடை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது, இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அவள் அதிர்ஷ்டத்துக்குப் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் வேலைக்கு ஓர் இடம் காலியானது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அவளைத் தெரிந்தெடுத்தும் விட்டார்கள். பத்திரங்களைப் பார்த்தபோதுதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரின் நடுவே சின்ன ல. அடையாள அட்டையில் பெரிய ள. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெயர் பதியும் சேர்வு இடாப்பில் என்ன இருக்கிறதோ அதை எழுதி, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று பள்ளிக்கூட அதிபர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இடாப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கூரை ஒழுகி, அந்த வருஷத்துத் தாள்கள் எல்லாம் ஒட்டிப்போய், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. அவை நனைந்த உடனேயே ஒவ்வொரு பெயராகப் பிரித்துப் பார்த்துக் கம்பியூட்டரில் அடித்து வைத்தவள் நான்தான். அதாவது, அவள் பெயர் இருந்த ஒரே இடம் அந்த அம்மணக் கோப்பு.

நாளைக்கு வாம்மா என்று அனுப்பிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

வியாழன் காலை சேரும் நானும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இலக்கங்களுக்கு மட்டும் சேதமில்லை, அவை அப்படியே இருந்தன. பிறந்த தேதியைத் தேடிப்பிடித்து அவள் வரியைக் கண்டுபிடித்தார் சேர். அதற்கு மேல் அவருக்கு ஓடவில்லை. இது மனுஷன் படிக்கிற எழுத்தா என்றார்.

எனக்கும் கண்ணால் படிக்க முடியவில்லை. ஆனால் என் விரல்கள் மேசைமேல் அசைந்துகொண்டிருந்தன. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இந்த ஐந்தையும் விரல் தட்டி முடித்தபோது வாய் "அம்மா" என்றது. அந்தப் பெண்ணின் பெயர் அல்ல, அவளுடைய தாயின் பெயரில் கடைசித் துண்டு. இருபது வருஷமாகத் தட்டிய விரல்கள் அல்லவா. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவள் பெயருக்கு வந்தேன். நடுவில் ஆங்கில வை. வை என்றால் ல, சின்ன ல. பிறப்புச் சான்றிதழோடு சரியாகப் பொருந்தியது. அப்பாடா என்றிருந்தது. கடிதம் எழுதிவிடலாம்.

அதோடு விட்டிருக்கலாம். அப்படியானால் அடையாள அட்டையில் ள எப்படி வந்தது என்று சேர் கேட்டார். பத்தாம் ஆண்டு, பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுக்கப் பள்ளிக்கூடம்தான் பெயர்ப் பட்டியல் அனுப்பும். அந்தப் பட்டியலும் பென் டிரைவில் இருந்தது. திறந்தேன். அதே தேதி, அதே பெயர், ஆனால் வை இருந்த இடத்தில் எஸ். எஸ் என்றால் பெரிய ள. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

தட்டச்சுப் பிழை, யாருக்கும் வருவதுதான் என்றார் சேர். நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். வை வலது கை விரலுக்குரியது. எஸ் இடது கை விரலுக்குரியது. விரல் சறுக்கினால் பக்கத்து எழுத்தில் விழும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குச் சறுக்காது. தமிழாகப் பார்த்திருந்தால் ல, ள என்று கண் தாண்டிப் போயிருக்கும். அம்மணமாகப் பார்த்ததால்தான் பிடிபட்டது.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்து ஐந்து வருஷம்கூட ஆகாத காலம். தமிழில் நல்ல புள்ளி எடுத்தவள் என்ற திமிர் எனக்கு. லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கு ல, ள தெரியாது, பிள்ளைகளுக்குப் பிழையாகப் பேர் வைக்கிறார்கள் என்று, பட்டியல் அடிக்கும்போதே ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனேன். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. நல்ல காரியம் செய்கிறேன் என்றே நினைத்தேன். அந்தப் பட்டியலில் இன்னும் நாலைந்து எஸ் கண்ணில் பட்டது. மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் தெம்பில்லை, வெட்கமாகவும் இருந்தது.

கடிதத்தைக் கையாலேயே எழுதினேன். அந்தக் கம்பியூட்டரில் தமிழ் அடிக்க என் விரலுக்கு இன்னும் வரவில்லை. 'தட்டச்சுப் பிழை' என்று போட்டுவிடுங்கள், போதும் என்றார் அதிபர். இல்லை சேர் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சேர்வு இடாப்பில் உள்ள பெயரை அலுவலக எழுதுவினைஞர் தாமாக மாற்றி எழுதியதால் நேர்ந்தது என்று எழுதி, அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். அதிபர் பெருமூச்சு விட்டார், தடுக்கவில்லை.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

அன்று பின்னேரம் அவள் வந்தபோது, கடிதத்தைக் கொடுக்கும் முன்பே விஷயத்தைச் சொன்னேன். மாற்றினது நான்தான் என்றேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கடிதத்தை வாங்கி, தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"கார்டு வந்தப்ப, நாந்தான் இவ்ளோ நாளா ஏம் பேர தப்பா எழுதிட்டேன்னு நெனச்சேன் மிஸ்," என்றாள். "கவர்மென்டுல இருந்து வந்தது தப்பா இருக்காதில்ல. அன்னையில இருந்து கையெழுத்த மாத்திக்கிட்டேன்."

கல்யாணப் பதிவிலும் ள. இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் தாயின் பெயரில் ள. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கும் யாராவது ஒரு கடிதம் எழுத வேண்டும்.

கடிதம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும்படி பிரதியை நீட்டினேன். பேனாவை வாங்கி முதல் இரண்டு எழுத்தை வேகமாக எழுதினாள். நடுவில் வந்ததும் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப எந்த ல போடணும் மிஸ்?"

"ஒங்கப்பா வச்சதப் போடும்மா," என்றேன். பழக்கமில்லாத கை, மெதுவாக எழுதினாள்.