மகளின் மார்க் ஷீட்டைத் தெருவில் கட்டியவன்

எம்.கே.பி. நகரில் எந்த வீட்டில் என்ன சண்டை என்று கேளுங்கள், சண்டை போட்டவர்களுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். ஆட்டோ ஓட்டுவது பெயருக்குத்தான். என் தொழில் ஊர்க்கதை. அப்படிப்பட்டவன் வீட்டிலேயே போன மே மாதம் ஒரு சேதி வந்தது. என் மகள் யசோதரா பிளஸ் டூவில் பள்ளிக்கே முதல்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சும்மா இருப்பேனா? தெருமுனையில் பேனர் கட்டினேன். ஓரமாக மகள் படம், நட்டநடுவில் கூலிங் கிளாஸோடு என் படம். மார்க்கை மட்டும் போட்டால் நம்ப மாட்டார்கள் என்று மார்க் ஷீட்டையே பெரிதாக்கி அடிக்கச் சொன்னேன். பிறந்த தேதி, பதிவு எண் எல்லாவற்றையும் பஸ்ஸில் போகிறவன்கூடப் படிக்கலாம்.

"இன்னாத்துக்கு நைனா இது?" என்றாள் மகள்.

"வயிறு எரியறவன்லாம் நல்லா பாக்கட்டும்மே."

பார்த்திருக்கிறார்கள்.

கல்லூரியில் சேர அவள் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டிருந்தாள். எந்தக் கல்லூரி வேண்டும் என்று குறிக்க ஒரே நாள்தான் பாக்கி. ஹஃப்சாவின் நெட் சென்டரில் போய் உட்கார்ந்தால் கணக்கு திறக்கவில்லை. எவனோ உள்ளே புகுந்து பாஸ்வேர்டை மாற்றி, போன் நம்பரையும் மாற்றிவிட்டான். குறிக்காவிட்டால் சீட்டு போச்சு. யசோதராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதிர் வூட்டு பகலவன் வேலதான் இது. அவன் புள்ள ஃபெயிலு," என்றேன். அதோடு நிறுத்தாமல் ஹஃப்சா பக்கம் திரும்பி, "உன் கடைல எவனாவது எட்டிப் பாத்துகினு இருந்தானா?" என்றும் கேட்டுவைத்தேன்.

"அண்ணே, இங்க எந்த மிஷின்லயும் பாஸ்வேர்டு சேவ் பண்ண நான் வுடமாட்டேன். பாஸ்வேர்டு மறந்துட்டா அந்த சைட்டு இன்னா கேக்குது தெர்யுமா? பதிவு எண்ணு, பொறந்த தேதி. இது ரெண்டும் வெளில எவனுக்குத் தெர்யும்?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பகலவன் மேல் இருந்த சந்தேகத்தைச் சத்தம் போடாமல் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அசல் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரிச் சேர்க்கை உதவி மையத்துக்கு ஆட்டோவை விரட்டினேன்.

"யாருக்காவது விவரம் கொடுத்தீங்களா?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"ஒருத்தருக்கும் தர்ல சார்," என்று முந்திக்கொண்டேன்.

"தெருவுக்கே குட்த்தாரு சார்," என்றாள் மகள்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சான்றிதழ்களைச் சரிபார்த்தார். பழைய போன் நம்பரை ஏற்றிவிட்டு, புது பாஸ்வேர்டு போடச் சொன்னார். நான் ஆசையாகக் குனிந்தேன்.

"அந்தாண்ட திரும்பு நைனா."

"பெத்தவன் கைலயே மறைக்கிறியாம்மே?"

"உன் கைலதான் மொதல்ல மறைக்கணும்."

சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் அவள் தட்டத் தொடங்கினாள். இரண்டு தட்டோடு சத்தம் நின்றது.

"காதயும் பொத்திக்கோ. எத்தினி எழ்த்துன்னு எண்ணிகினு போயி நாளைக்கு ஸ்டாண்டுல சொல்லுவ."

பொத்திக்கொண்டேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.