நெற்களத்துச் சுவர்

எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் போன வாரம் தன் போனை என் முன்னால் நீட்டினாள். ‘மண் கட்டடம் கட்டக் கற்றுக்கொள்ள விருப்பமுள்ள மாணவர்கள், தன்னார்வலர்கள் தேவை. சாப்பாடும் தங்குமிடமும் உண்டு’ என்று ஒரு அறிவிப்பு. கீழே ஒரு படம். பிள்ளைகள் சில பேர் கன்னத்திலும் மூக்கிலும் சேற்றை அப்பிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள்.

“போலாமா மேடம்? ஸேஃபா இருக்குமா?” என்றாள்.

“போயிட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அந்த ‘ஸேஃபா’வில் மாட்டிக்கொண்டு அன்றைக்கு முழுக்க ஒரு கோடு உருப்படியாகப் போடவில்லை.

நான் கட்டடக்கலை மூன்றாம் வருஷம் படித்தபோது இதே மாதிரி ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் கிளம்பினேன். காரைக்குடி என்று போட்டிருந்தார்கள். எனக்கு உடனே பெரிய பெரிய தூண்களும், அதைவிட முக்கியமாகச் சாப்பாடும் நினைவுக்கு வந்தன. கறுப்புக் கண்ணாடி, வெள்ளை ஷூ, புத்தம் புதுப் பென்சில்களோடு போய் இறங்கினால் அது காரைக்குடியே இல்லை, அங்கிருந்து இன்னும் தள்ளிப் புதுவயல். எங்கு திரும்பினாலும் அரிசி ஆலை. வெள்ளை ஷூ சாயங்காலத்துக்குள் சாம்பல் ஷூ ஆகிவிட்டது.

புழுங்கல் நெல் வேகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? லேசாகப் புளித்து, பசியையும் குமட்டலையும் ஒன்றாகக் கிளப்புகிற வாசனை. அதற்கு மேல் எரிந்த உமியின் புகை. இப்போதும் நெடுஞ்சாலையில் எங்காவது ஒரு ஆலையைக் கடந்தால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். டிரைவர் எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொள்வார்.

வெந்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பெண்கள்தான் காயவைப்பார்கள். நீளமான கழியின் நுனியில் பலகை அடித்த ஒரு சாமான் இருக்கும். அதைக்கொண்டு நெல்லைத் தள்ளித் தள்ளி வரப்பு மாதிரி ஒதுக்குவார்கள், திரும்பப் பரப்புவார்கள். வெயில் ஏற ஏற இதுவேதான் வேலை. கைக்குழந்தைகளைக் களத்து ஓரத்தில் சாக்குப் பந்தலுக்குக் கீழே விட்டிருப்பார்கள். மூட்டை ஏற்ற வரும் லாரிகளும் அதே ஓரத்தில்தான் திரும்ப வேண்டும்.

முந்தின வருஷம் அப்படிப் பின்னால் வந்த லாரி ஒன்று பேச்சியம்மாளின் மகள்மேல் ஏறிவிட்டது. நடக்கப் பழகியிருந்த குழந்தை. தாய் களத்தின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான். பிள்ளைகளைப் போட்டுவைக்க நாலு சுவர் வேண்டும்.

அமராவதிபுதூரில் பிறந்து, சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த கலைவாணியக்கா காதுக்கு இது எட்டியது. களத்தின் கோடியில் கிடந்த புறம்போக்கு மூலையைப் பஞ்சாயத்தில் பேசி வாங்கினாள். அங்கேயே தோண்டிய மண், ஆலையில் மலையாகக் கிடந்த உமிச்சாம்பல், சுண்ணாம்பு, இவ்வளவையும் கலந்து கை மிஷினில் அழுத்திச் சூளையில் வைக்காமலே கல் செய்யலாம். செலவு குறைவு, மரம் எரிக்க வேண்டாம், உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆள்தான் வேண்டும். ஆளாக நாங்கள் போனோம். முதல் நாள் நான் களத்துப் பெண்களிடம் ‘நீடித்த கட்டுமானம்’ பற்றிச் சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எல்லாம் கேட்டுவிட்டுப் பேச்சியம்மாள், “லாரி முட்டுனா தாங்குமா தாயி?” என்றாள்.

அந்த மூலையில் பல வருஷமாக லாரிகளை நிறுத்திவந்தவர் ரத்தினம். முதல் தடவை வந்தபோது மரியாதையாகத்தான் பேசினார்.

“எல்லாம் படிக்கிற பிள்ளைகளா இருக்கீக. இது என் வண்டி நிக்கிற இடம். மண்ணு விளையாட்ட வேற எங்குட்டாச்சும் போய் விளையாடுங்க.”

“பஞ்சாயத்துல கேளுங்கண்ணே” என்றாள் கலையக்கா.

“பஞ்சாயத்தா வந்து சுவத்தத் தாங்கிப் பிடிக்கப் போகுது?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அதற்கடுத்து ஒரு நாள் காலையில் நாங்கள் வந்து பார்த்தபோது அடுக்கிவைத்த கல்லெல்லாம் தூளாகக் கிடந்தது. தண்ணீர் டிரம்மை அரிவாளால் கிழித்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மெர்சி உட்கார்ந்து அழுதாள். கலையக்கா உடைந்த கல் ஒன்றைக் கையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். “இன்னும் இறுகல. நனைச்சு மறுபடியும் அழுத்திரலாம். சூளைக் கல்லுன்னா முடியுமாடி?” என்றாள். அவள் கோபம் எப்போதும் வேலையாகத்தான் வெளியே வரும்.

சுவர் தோள் உயரத்துக்கு வந்திருந்த ஒரு மத்தியானம் ரத்தினம் ஆட்களோடு வந்தார். கையில் கடப்பாரை. முதல் அடி ஜன்னல் சட்டத்தில் விழுந்தது, இரண்டாவது அடி, ஆட்களில் ஒருவன் கையால், கலையக்காவின் கன்னத்தில். அறைந்தவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு இடித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ, ஓடிப்போய் அவன் கையைக் கடித்தேன். ஆமாம், கடித்தேன். எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சிக்குக்கூட அப்பாவைக் கூப்பிடுகிற பெண் நான். வாய்க்குள் வியர்வை உப்பும் பீடி நாற்றமும். அவன் உதறியதில் கூழாங்கல்லில் போய் விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்து தொங்கியது.

கடப்பாரைக்குச் சுவர் எளிதில் மசியவில்லை. ரத்தினத்துக்கு அதுதான் தாங்கவில்லை. தன் லாரியைப் பார்த்துக் கத்தினார்.

“முனீசு, ரிவர்ஸ் எடுடா! ஏத்துடா சுவத்துமேல!”

சுவருக்கு அந்தப் பக்கம் பூச்சு வேலையில் இருந்த மெர்சி, சண்டைக்குப் பயந்து சுவரோரமே குனிந்து பதுங்கியிருந்தாள். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். என்ஜின் சத்தத்தில் எங்கள் தொண்டை எந்த மூலைக்கு? லாரியின் பின்பலகை சுவரில் முட்டியது. சுவர் ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே உள்பக்கமாகச் சாய்ந்தது. புழுதிக்குள்ளிருந்து மெர்சியின் குரல் வந்தது. சொல்லாக வரவில்லை. இடைவெளி இல்லாத ஒரே ஓலமாக வந்தது.

களத்தில் நின்ற பெண்களுக்குச் சண்டை தெரிந்திருக்காது. லாரி பின்னால் போனது தெரிந்தது, ஓலம் கேட்டது. அவ்வளவு போதும். பலகைக் கழிகளோடு வந்தார்கள். முன்னால் பேச்சியம்மாள். ரத்தினமும் ஆட்களும் ஜீப்பில் ஏறி ஓடிவிட்டார்கள். லாரிக்குள் இருந்த முனீசு மட்டும் மிச்சம்.

கதவைத் திறந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். படியில் முகம் மோதி விழுந்தான். பிறகு அடி. நான் சினிமாவில் பார்த்த அடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சத்தம் ஈரமாக இருந்தது. நெல்லை ஒதுக்குகிற அதே வீச்சில் தலை, முதுகு, தலையை மூடிய விரல்கள் என்று பார்க்காமல் அடித்தார்கள். ஒரு காது கிழிந்து தொங்கியது. கலையக்கா நடுவில் புகுந்தாள். அவளுக்கும் இரண்டு விழுந்தது. “செத்துருவான், விடுங்கடி!” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. சாந்து குழைத்து வைத்திருந்த குழிக்கு ஓடினாள். வாளியில் சேற்றை மொண்டு வீசினாள். திரும்ப மொண்டு, திரும்ப வீசினாள். அடித்தவர்கள், அடிவாங்கியவன் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறமானார்கள். கண்ணில் சேறு விழுந்த பிறகுதான் கைகள் நின்றன.

பேச்சியம்மாள் மட்டும் கழியை ஓங்கியபடி நின்றாள். மூச்சு இரைத்தது.

“பின்னாடி ஆளு இருக்கான்னு பாக்கத் தெரியாதாடா உனக்கு?”

“கண்ணாடியில தெரியல தாயி” என்றான், உடைந்த தாடையால்.

அவள் கழியைக் கீழே போட்டாள். “எம்பிள்ள மேல ஏத்தினவனும் இதேதான்டி சொன்னான்” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கிடையில் நாங்கள் மண்ணைக் கையால் வாரி மெர்சியை வெளியே எடுத்திருந்தோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து எட்டிப் பார்த்தது. கிடைத்தது ஒரே ஒரு சுமை ஆட்டோ. அதில் அவளையும் முனீசையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டு, நடுவில் நான் உட்கார்ந்து காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு குழியிலும் இரண்டு பேரும் ஒன்றாக அலறினார்கள். வழியில் முனீசு என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளைக்கு உசிருக்கு ஒண்ணும் இல்லையேக்கா?” என்றான். அவன் முகத்தில் ஓங்கிக் குத்த வேண்டும்போல இருந்தது. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவன் வாயில் வைத்தேன்.

அப்புறம் போலீஸ், வழக்கு, எதிர்வழக்கு. ரத்தினம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். அவர் கொடுத்த புகாரில் பேச்சியம்மாளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். முனீசு தேறி எழுந்ததும் அவனைக் கூட்டிவந்து யார் யார் அடித்தது என்று கேட்டார்கள். ரத்தினமும் பக்கத்தில் நின்றார்.

“தெரியலங்கய்யா” என்றிருக்கிறான். “எல்லாரும் மண்ணு பூசி நின்னாக. ஒருத்தரையும் அடையாளம் தெரியல.”

அவன் மனசறிந்து சொன்னானா, உண்மையாகவே தெரியவில்லையா என்று எங்களுக்குள் இன்றுவரை வாதம் உண்டு. வேலை போயிற்று என்பது மட்டும் நிச்சயம். இரண்டு விரல் அவனுக்கு மடங்கவே இல்லை.

எங்களோடு வந்திருந்த மாணவர்களின் பெற்றோர்கள் வந்து அவரவர் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மதுரையிலிருந்து என் அப்பா வந்தார். என் பையைத் தூக்கி வேனில் வைத்தார். நான் இறக்கினேன். திரும்ப வைத்தார். திரும்ப இறக்கினேன். “படிக்கத்தானேடி அனுப்புனேன்?” என்றார். எதற்காகவோ அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் வேனை அனுப்பிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மிஞ்சிய சில பேரும் களத்துப் பெண்களும் சேர்ந்து விழுந்த சுவரை நனைத்து, மிதித்து, மறுபடி கல்லாக்கினோம். சர்வேயர் வந்து அளந்தார். மூலை புறம்போக்குத்தான் என்று ஆனது. ரத்தினத்தின் லாரிகள் வேறு பக்கம் போயின. அடையாளம் காட்ட ஆளில்லாமல் விடுதலையாகி வந்த பேச்சியம்மாள் வாசலுக்கு முன்னால் வரிசையாகக் கல்தூண் நட வேண்டும் என்றாள், எந்த லாரியும் நெருங்காதபடி. குழிகளை அவளே தோண்டினாள். ஒருத்தரையும் கடப்பாரை தொட விடவில்லை. திறப்பு அன்றைக்குப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவள் போகவில்லை. தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்சிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. நாகர்கோவிலில் நல்ல பேர் எடுத்திருக்கிறாள். அவள் கட்டும் கட்டடம் எதிலும் படி ஏறாமல் உள்ளே போக ஒரு சாய்வுப் பாதை இல்லாமல் இருக்காது. “என் சொந்த சௌகரியத்துக்குடி” என்பாள்.

சென்ற வருஷம் காரைக்குடிக்கு ஒரு வேலையாகப் போனவள், மனசு கேட்காமல் புதுவயலுக்கு வண்டியைத் திருப்பினேன். களம் இல்லை. இருந்த இடம் முழுக்கத் தகரக் கொட்டகை. உள்ளே நெல்லைக் காயவைக்கும் இயந்திரங்கள் உயரமாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. கோடி மூலையில் எடைமேடை போட்டிருந்தார்கள். சுவரும் இல்லை, தூணும் இல்லை. பேச்சியம்மாளின் பழைய நம்பருக்குப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்த வடநாட்டு இளைஞன் ஒருவனை நிறுத்தி, “இங்க களத்துல பொம்பளைங்க நிறையப் பேர் வேலை பாத்தாங்களே, எங்க போனாங்க?” என்று கேட்டேன்.

அவன் மூட்டையை இறக்காமலே கொட்டகைப் பக்கம் தலையால் காட்டினான்.

“பொம்பளை இல்லே. மிஷின்.”