பின்னாலிருந்து வந்த முனகல்

சுவரை ஒட்டி ஓட்டினால்தான் வண்டி உண்மையைப் பேசும் என்பது அவர் கட்சி. அதனால் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, பாட்டை அணைத்துவிட்டு, கிடங்குத் தெருவின் நீண்ட சுவரோரமாக ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். கழுத்து வாத்துக் கழுத்தாக வெளியே நீண்டிருக்கும். சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தில் எது டயர், எது பேரிங், எது வெறும் காற்று என்று பிரித்துச் சொல்லிவிடுவார். உள்ளே இருப்பவர்கள் அப்போது பேசக் கூடாது, சீட்டில் நெளியக் கூடாது. ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்ட பாவத்துக்கு அவர் திரும்பிப் பார்த்த பார்வையை, அந்த நண்பர் இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

தெரிந்தவர்கள் வைத்த பெயர் சத்தக்காரர். குரலை உயர்த்தியே பேசாத மனிதர்தான். ஆனால் வண்டியில் ஏதோ சத்தம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "என்ன சத்தம்? பண்ணிக் காட்டுங்க" என்பார். எதிராளி வெட்கப்பட்டு நெளிந்தால் தானே பண்ணிக் காட்டுவார். தேய்ந்த பேரிங்குக்குத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு நீள 'ஊ'. ஆக்ஸில் மூட்டு போயிருந்தால் நாக்கை அண்ணத்தில் தட்டி 'டக்டக்டக்'. பிரேக் தகடு தீர்ந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு 'கீச்'. விருந்துகளில் குழந்தைகள் அவரை விட்டு நகரமாட்டார்கள். இப்போதெல்லாம் சத்தக்காரரே என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காது மடல் சிவந்துபோகிறது.

பிழைப்பு வேறு. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், மோதிக்கொண்ட வண்டிகளின் படங்களைப் பார்த்துத் தவறு யார் பக்கம் என்று எழுதுகிறார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டில் அவர் பேசுவதெல்லாம் வண்டி நிறுத்துகிற அறையைப் பற்றித்தான். தரையில் விரிக்க ஒரு குளிர்பதனப் பெட்டியின் அட்டை, முழங்கைக்கு அண்டக்கொடுக்கப் பழைய குளியல் துண்டு, காதில் வைத்துக் கேட்க ஒரு நீளத் திருப்புளி. அதன் முனையை ஓடுகிற இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டால், சாப்பிடக் கூப்பிடுகிற மனைவி காத்திருக்க வேண்டியதுதான்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கப்போடுவார்: "ஸ்டாண்டு கைவிட்டாலும் டயர் கைவிடாது." ஆயில் மாற்றும்போது, ஊற்றுகிற துளையை மூடியிருக்கிற மரை திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கிற துளையைத் தொடுவார். எல்லாவற்றையும் வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் விழிப்பவர்களை நினைத்து அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற அந்த வண்டி மனைவிக்காக வாங்கியது. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை மேட்டில் இருக்கிறது. ஈரக் காலத்தில் பாதை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். வாங்கிய புதிதில் வண்டிக்கு அடியில் படுத்து எல்லா ஆயிலையும் அவரே மாற்றினார். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் கூடு உண்டு. பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிட்டுத் தருவது அதுதான். இந்த வகைக்கென்று தனியாக வரும் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதே என்று அதன் மேலேயே புடைப்பெழுத்தில் இருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அதை வாசித்தும் காட்டினாள். "கம்பெனிக்காரன் எழுதத்தான் செய்வான். அவன் சரக்கு விக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருந்த சாதாரண கியர் ஆயிலை வழியும்வரை ஊற்றி மரையை முடுக்கினார்.

கொஞ்ச நாளில் அவள் வந்து சொன்னாள், மருத்துவமனையின் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வளைக்கும்போது யாரோ வயிற்றுவலிக்காரர் முனகுவதுபோல் இருக்கிறது என்று. எங்கிருந்து என்று கேட்டார். பின்னாலிருந்து என்றாள்.

"பின்னாடி என்ன இருக்கு முனகுறதுக்கு? முன்னாடி சத்தம்தான் உனக்குப் பின்னாடி கேக்குது."

சுவரோரமாக ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. நெடுஞ்சாலையில் விரட்டிப் பார்த்தார். பூனை மாதிரி ஓடியது. இருந்தாலும் முன்பக்க பேரிங்கை மாற்றினார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன் ஆக்ஸிலையும் மாற்றினார். அவள் முனகல் அப்படியே இருக்கிறது என்றாள். அவர் ஓட்டினால் வராத சத்தம் அவள் ஓட்டினால் மட்டும் வருகிறது என்றால் முடிவு எழுத வேறென்ன வேண்டும்? ஸ்டியரிங்கை அந்தக் கோடிவரை முறுக்கி முறுக்கியே வண்டியைக் கெடுத்துவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னார். இனி முழுசாகத் திருப்பவே கூடாது என்று சட்டமும் போட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மைத்துனர் வீட்டு விருந்தில், சத்தம் பண்ணிக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் பிடுங்கியபோது, அவர் கையிலிருந்த காலித் தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டார். நாக்கைத் துருத்தினார். தோள், இடுப்பு எல்லாம் சேர்த்துத் தட்டை முறுக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் விட்டார். "இதுதான் எங்க வீட்டம்மா வண்டி நிறுத்துற அழகு." கூடம் குலுங்கிச் சிரித்தது. புரையேறிய மைத்துனர், இன்னொரு தடவை மாமா, இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் பண்ணினார். மனைவியும் சிரித்தாள். சிரித்தபடியே வந்து அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மறுவாரம் வண்டிச் சாவி ஆணியை விட்டு இறங்கவில்லை. பஸ் வசதியாகத்தான் இருக்கிறது என்றாள். ஒன்றில் இறங்கி இன்னொன்றுக்கு மாறிப் போகிற பஸ். அவர் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுவாள், திரும்பும்போது செருப்பில் சேறு இருக்கும். சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியும். அவள் சண்டையே போடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சும் வந்தது. வண்டியைப் பற்றி மட்டும் பேச்சு இல்லை. அவரும் லேசுப்பட்டவரில்லை, ஒருநாள் வாசலில் நின்று, இப்போது சத்தமே இல்லை பார்த்தாயா என்று கேட்டும் வைத்தார்.

பிறகு, மழை கொட்டிய ஒரு மாலையில் அவளை அழைத்துவரப் போனார். அந்த அடித்தளத்துக்குள் அவர் வண்டியை இறக்கியது அதுதான் முதல் தடவை. தாழ்ந்த கூரை, குறுகலான தடம், வளைவை அடைத்துக்கொண்டு மஞ்சள் கோடு போட்ட ஒரு தூண். அவளை ஏற்றிக்கொண்டு வெளியே வர அந்தத் தூணைச் சுற்றியாக வேண்டும். பாதி திருப்பினார், போதவில்லை. முக்கால் திருப்பினார், தூண் கண்ணாடியைத் தொட வந்தது. கடைசியில் அந்தக் கோடிவரை முறுக்கினார். அவருடைய முதுகுக்குப் பின்னால், இருக்கைக்கு அடியில், வண்டி முனகியது. அவர் விருந்தில் பண்ணிய சத்தம் அச்சாக அப்படியே இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தெரு வந்த பிறகு, "அங்க எல்லாரும் அப்படித்தாங்க திருப்பணும்" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

விடுமுறை நாளில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் கூட்டின் ஆயிலை வடித்தார். கறுத்துக் கருகி நாறியது. அந்தக் கூட்டுக்குள் வெறும் பல்சக்கரங்கள் மட்டும் இல்லை, ஒன்றோடொன்று உரசி வழுக்கிப் பிடிக்கிற தகடுகளும் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாததா? நேராகப் போகும்போது அவற்றுக்கு வேலையில்லை. முழுசாக வளைக்கும்போதுதான் வழுக்க வேண்டும். தப்பான ஆயிலில் வழுக்க முடியாமல் தகடுகள் அழுதிருக்கின்றன. மல்லாந்து படுத்தபடி அந்தப் புடைப்பெழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசித்துக் காட்டிய குரல்கூட நினைவுக்கு வந்தது.

சரியான ஆயில் வாங்கப் போன கடையில், பழையதில் என்ன இருந்தது என்று சும்மா கேட்டார்கள். நண்பர் ஒருவருடைய வண்டி, அவர் எதையோ ஊற்றிவிட்டார் என்றார். சொல்லி முடிப்பதற்குள் முகம் கொதித்தது. வீடு வரும் வழியில் இன்னும் இரண்டு பொய்களைத் தயார் செய்தார்: கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான், ஆயிலே போலி. ஊற்றி முடித்து மரையை முடுக்கும்போது இரண்டும் கையைவிட்டுப் போய்விட்டன.

காரணம், வைத்தியம் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. புது ஆயில் தகடுகளுக்கு நடுவே இறங்க வேண்டும் என்றால், வண்டியைக் காலி மைதானத்தில் மெதுவாக வட்டம் விட வேண்டும். இடப்பக்கம் சில, வலப்பக்கம் சில, ஸ்டியரிங்கை முழுசாக, அந்தக் கோடிவரை முறுக்கி. அவளுக்குக் கூடாது என்று அவர் சட்டம் போட்ட அதே முறுக்கல். அவரே போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது" என்றார். "நான் ஊத்தின ஆயில்தான். நீ ஓட்டினதுல ஒண்ணும் இல்ல. இனி முழுசா முறுக்கி வட்டம் விட்டாத்தான் சரியாகும், நீயே விடு."

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "அன்னிக்கே அது மேல எழுதியிருந்ததை வாசிச்சாச்சே."

"நீதான் வாசிச்ச."

"ஆமா. நான்தான் வாசிச்சேன்."

அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கைபேசியை எடுத்து, அவள் காதில் விழும்படி மைத்துனரைக் கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. அந்தப் பக்கம் மைத்துனர் எடுத்தவுடனே, சத்தக்காரர் மாமா, பிள்ளைங்க எல்லாம் இங்கதான் இருக்கு, ஸ்பீக்கர்ல போடறேன், அக்கா பார்க்கிங் பண்ற சத்தத்தை ஒருவாட்டி விடுங்க என்றார். பின்னால் பிள்ளைகள் கைதட்டுவது கேட்டது.

"அது உங்க அக்கா பண்ணின சத்தம் இல்ல மாப்ள. நான் பண்ணினது. தப்பான ஆயிலை ஊத்திட்டு அவ மேல போட்டுட்டேன். அன்னிக்குச் சிரிச்ச எல்லார்கிட்டயும் சொல்லிருங்க."

பிள்ளைகளின் கைதட்டல் நின்றது. பிறகு மைத்துனர், விடுங்க மாமா, சும்மா ஜாலிக்குத்தானே என்றார். அவருக்கு அதுவும் சேர்த்துச் சுட்டது.

அவள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். எங்கே சுற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த சிமெண்டு மைதானம் விடுமுறையில் காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை அந்தக் கோடிவரை முறுக்கினாள். முதல் வட்டத்தில் வண்டி முனகியது. இரண்டாவதில் பெருமூச்சாகக் குறைந்தது. மறுபக்கம் திருப்பிச் சுற்றினாள். எங்கோ ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு டயர் சிமெண்டில் உருள்கிற ஓசை மட்டும்தான்.

சரியாகிவிட்டது, போதும் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. வட்டத்தை இன்னும் இறுக்கி, விளக்குக் கம்பத்தை உரசுகிற மாதிரி வளைத்தாள். இந்த வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழக்கமில்லாத அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. அவள் கடைக்கண்ணால் அதைப் பார்த்தாள். அவர் இரண்டு கால்களையும் மெல்லப் பின்னால் இழுத்து, இருக்கைக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டார்.