மேலச்சு விழாத பாதி

2023 மார்ச் 12, ஞாயிறு, காலை ஒன்பதே முக்கால். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கி வந்த இருசக்கர வாகனத்தின் மீது, கூட்டேரிப்பட்டுக்கு அருகில், பின்னால் வந்த சரக்கு லாரி மோதியது. ஓட்டி வந்தவர் அறுபத்திரண்டு வயது ஆண். ஓய்வுபெற்ற ரயில்வே பார்சல் எழுத்தர். லாரியின் பின்சக்கரம் மார்பின் மீது ஏறியது. உயிர் அங்கேயே பிரிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு உடலை அடையாளம் காட்டியவர், உடன்பிறந்த அண்ணன். அடையாளம்: இடது புருவத்தில் பழைய தையல் தழும்பு. சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒப்படைக்கப்பட்டவை: உடைந்த கைபேசி ஒன்று, கண்ணாடித்தாள் உறை ஒன்று. உறைக்குள் பழைய அஞ்சல்தலை ஒன்று.

அந்த அண்ணன் நான். அந்தத் தழும்பை உண்டாக்கியவனும் நானே.

என் தம்பியும் நானும் நாற்பது ஆண்டுகள் சேர்ந்து சேகரித்தவை, விக்டோரியா ராணியின் தலை பதித்த அஞ்சல்தலைகள். அவற்றிலும் ஒரே வகை: வடக்கே ஒரு சமஸ்தானத்தின் பயன்பாட்டுக்காக, ராணியின் முகத்தின் மீதே அந்தச் சமஸ்தானத்தின் பெயரைக் கறுப்பு மையில் இரண்டாம் முறை அச்சிட்டவை. இதை மேலச்சு என்போம். எந்த ஆண்டில் எத்தனை தாள்கள் அச்சாயின, அவற்றில் எழுத்து தலைகீழானவை எத்தனை, இருமுறை விழுந்தவை எத்தனை என்று ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தோம். நான் திண்டிவனத்தில் வேதியியல் கற்பித்தவன். அவன் விழுப்புரத்தில் மூட்டைகளுக்கு முத்திரை குத்தியவன். அட்டவணையின் முகப்பில் என் பெயர்தான் முதலில் இருந்தது. அதைப் பற்றி அவன் ஒருபோதும் பேசியதில்லை.

2020ஆம் ஆண்டு, பொங்கலுக்கு மறுநாள். அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். யாரிடமோ வாங்கிய பழைய கட்டொன்றிலிருந்து ஓர் இணையை எடுத்து என் முன் வைத்தான். பிரிக்கப்படாத இரண்டு அஞ்சல்தலைகள். இடப்பக்கத்துத் தலையில் மேலச்சு இருந்தது. வலப்பக்கத்துத் தலையில் இல்லை. அச்சேறும்போது தாளின் ஓரம் மடிந்திருக்க வேண்டும். எங்கள் அட்டவணையில் 'மேலச்சு விடுபட்டது' என்ற கட்டம் அதுவரை காலியாகவே இருந்தது.

"இது கழுவுனதுடா," என்றேன். "எவனோ மருந்து வச்சு மையை எடுத்திருக்கான்."

"பின்னாடி திருப்பிப் பாரேண்ணா. ஈய எழுத்து அமுக்குனா தாள்ல பள்ளம் வுழும். மையத்தான் கழுவலாம், பள்ளத்தக் கழுவ முடியுமா? முப்பது வருஷம் முத்திர குத்துனவன் சொல்றேன்."

"மூட்டையில குத்துறதும் இதுவும் ஒண்ணா?"

"ஆமா, நீ புரொபசரு. உனுக்குக் கண்ணு எதுக்கு? படிப்பே எல்லாத்தையும் பாத்துக்கும்."

"பார்சல் ஆபீஸ் புத்திய அங்கயே வச்சுட்டு வந்திருக்கலாம் நீ."

மேசையிலிருந்த தடித்த அஞ்சல்தலைப் பட்டியல் புத்தகத்தை இரு கைகளாலும் தூக்கி என் இடது காதின் மேல் அடித்தான். உள்ளே ஏதோ கிழிந்தது. நான் எழுந்து அவன் பின்கழுத்தைப் பிடித்து, முகத்தை அலமாரியின் இரும்பு விளிம்பில் மோதினேன். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அறுபதை ஒட்டிய இருவர், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி மூச்சிரைத்துக்கொண்டு நின்றோம். அவன் மனைவி ஓடிவந்து நடுவில் விழுந்தாள். அப்போதுதான் அந்த இணையை எடுத்து, அவன் பார்க்கும்படி, இரண்டாகக் கிழித்தேன். இரு தலைகளுக்கும் இடையிலிருந்த துளைகள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் எனக்கு வலது காதில் மட்டுமே கேட்டது.

இந்தத் துறையை அறியாதவர்களுக்கு அந்தச் செயலின் கொடுமை விளங்காது. மேலச்சு விடுபட்ட தலைக்குச் சாட்சி, பக்கத்தில் ஒட்டியிருக்கும் மேலச்சுள்ள தலை மட்டுமே. பிரித்துவிட்டால் இரண்டும் சாதாரணமானவை. எழுத்துள்ளதை அவன் முன் எறிந்தேன்; எழுத்தில்லாததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன்.

அன்று மாலை என் மேசை விளக்கைச் சாய்த்து, அந்தத் தலையின் பின்புறத்தைப் பார்த்தேன். ஒப்பிடுவதற்கு மேலச்சுள்ள வேறொன்றையும் அருகில் வைத்தேன். அதில் ஒவ்வோர் எழுத்தும் நகத்தால் அழுத்தியது போலத் தெரிந்தது. என் கையிலிருந்ததில் பள்ளமே இல்லை. அந்தத் தாளை எந்த எழுத்தும் தொட்டதில்லை. தம்பி சொன்னது சரி.

தொலைபேசியை எடுத்தேன். வைத்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன. திருமணங்களில் சந்தித்தோம், மழையைப் பற்றிப் பேசினோம். தழும்பு இருக்கும் பக்கம் நான் நிற்பதில்லை. எனக்குக் கேட்காத பக்கம் அவன் நின்று பேசுவதில்லை.

பிணவறையில் முகம் முகமாக இல்லை. ஊழியர் துணியை இன்னும் கொஞ்சம் விலக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், புருவம் போதும் என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, அவன் மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னைக்கு உங்க வூட்டுக்குத்தான் அவரு கெளம்புனாரு. 'அண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு. நானே போயி ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துட்டு வர்றேன்'னாரு. துன்னுட்டுப் போய்யான்னேன். அண்ணி தோச ஊத்தும்னு சிரிச்சிக்கினே போனாரு."

"அவன் சொன்னது சரிம்மா," என்றேன். "அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த வெற்றிலைத் தட்டு என் மார்பில் வந்து மோதியது.

"மூணு வருஷமா வாயில இன்னாத்த வச்சிக்கினு இருந்தீங்க? ஒரு போனு. 'டேய், நீ சொன்னது சரிதான்டா'ன்னு ஒரு வார்த்த. இப்ப என்கையில எதுக்குச் சொல்றீங்க? அங்க சொல்லுங்க."

மாலையிட்ட படத்தைக் காட்டினாள். புகைப்படக்காரர் தழும்பைத் திருத்தி எடுத்துவிட்டிருந்தார். நான் எழுந்து போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. தரையில் சிதறிய பாக்கைப் பொறுக்கி முடித்துவிட்டு, அவள் அட்டவணையின் அவன் பிரதியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

காலியாக இருந்த கட்டத்தில் அவன் பென்சிலால் எழுதியிருந்தான்: 'இணை 1. பாதி விழுப்புரம், பாதி திண்டிவனம்.'

வீட்டில், உறையிலிருந்த அவன் பாதியையும் என் பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். இரத்தம் ஊறிக் காய்ந்த ஓரத்தில் தாள் சுருங்கியிருக்கிறது. துளைகள் அறுந்து உண்டான பற்களில் மூன்று பொருந்தவில்லை. மற்றவை பொருந்துகின்றன.

செய்யாமல் இருப்பவை:

பென்சிலால் எழுதியதன் மேல் மையால் எழுதுவது.

முகப்பில் பெயர்களின் வரிசையை மாற்றுவது.

இரத்தக் கறையைக் கழுவுவதா, விடுவதா என்று முடிவு செய்வது. கழுவினால் பற்கள் பொருந்தக்கூடும்.

இடது காதை மருத்துவரிடம் காட்டுவது.

விழுப்புரம் போய், அந்தப் படத்தின் முன் நின்று, அவன் மனைவியின் காதில் விழும்படி அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது.