மண்டபத்தில் சாவு விழக் கூடாது

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மண் சரிந்து எங்கள் குடியிருப்பு போய்விட்டது. போடியில் ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்து எங்களைத் தங்க வைத்தார்கள். சுவர் விழுந்து என் அய்யாவுக்கு நெஞ்சில் அடி. ஆஸ்பத்திரியில், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மண்டபத்தில்தான் படுக்க வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவருக்கு மூச்சு இழுத்தது. மண்டபத்துக் கணக்குப்பிள்ளை வந்து பார்த்தார்.

“ஏப்பா, இங்க சாவு விழுந்தா எவன் தாலி கட்ட வருவான்? இவரை வெளிய கொண்டு போ. இல்லைன்னா எல்லாருமே கெளம்புங்க.”

“மழை பெய்யுதுங்களே.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

கைக்குழந்தையைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு என் மச்சான், அத்தை மகன், எழுந்து வந்தான். “மாப்ளே, இத்தனை பேரும் ரோட்டுல நிக்கணும். தலைப்பக்கம் நீ புடி” என்றான்.

எதிரே பூட்டிக் கிடந்த கடை வாசலில் கிடத்தினோம். அய்யாவுக்கு நினைவு இருந்தது.

“நம்மள மட்டும் ஏண்டா வெரட்டுறாக?”

“வெரட்டலய்யா. ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பு வருது.”

ரோட்டையே பார்த்தபடி, பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடித்து மண்டபத்துக்குத் திரும்பினேன். “தீட்டோட உள்ள வராதே” என்று கணக்குப்பிள்ளை வாசலிலேயே மறித்தார். மச்சான் கஞ்சி கொண்டுவந்து நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக் குடித்தேன்.

அவனை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் பிள்ளை உள்ளே இருந்திருந்தால், அவன் அய்யாவை நானும் தூக்கியிருப்பேன்.