என்னைப் பற்றிய இரகசியக் கடிதங்கள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. 4.50க்கு எழுந்தேன். இரவில் மழை பெய்திருந்தது. முற்றத்து வாளியில் நான்கு விரல் தண்ணீர். புட்டும் பயறும் செய்து, இரண்டு சோற்றுப் பாத்திரங்களைக் கட்டி வைத்து, 6.40க்குக் குளித்து முடித்தேன். குன்னத்துகாலுக்கு 7.05க்கு வரவேண்டிய பேருந்து 7.12க்கு வந்தது. பாறசாலையில் பாதிப் பேர் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. நெய்யாற்றின்கரையை அடுத்த எங்கள் பம்புசெட் தொழிற்சாலையில் 8.20க்குக் கையெழுத்திட்டேன். இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவளின் காலை இப்படித்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. என்னைப் பற்றிய பாராட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

காரணம் இது. உற்பத்தி மேலாளர் பதவி ஏப்ரலில் காலியாகிறது. மேலாண்மைப் பட்டம் உள்ளவர்களையும் அதில் சேர்ந்துவிட்டவர்களையும் மட்டுமே பரிசீலிப்போம் என்று முதலாளி அறிவித்துவிட்டார். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் வார இறுதி நாட்களில் நடக்கும் பொறியியல் மேலாண்மை முதுகலைப் படிப்புக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். புதன்கிழமை மாலை ஐந்து மணியோடு இணையவாசல் மூடிவிடும். இடம் கிடைக்காவிட்டால் அந்தப் பதவி எங்கள் பிரிவு மேலாளருக்குப் போகும். அவருக்கு வயது முப்பத்துமூன்று, பட்டமும் உண்டு. பயிற்சியாளராக என்னிடம் வந்தவர். நான் ஓய்வு பெறும்வரை அவருக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் என் கணவருக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. "நீ படிச்சு முடிக்கும்ப சர்ட்டிபிகேட்டும் பென்சன் பேப்பரும் ஒரே தபால்லயாக்கும் வரும்" என்றார்.

நோக்க அறிக்கை என்று ஒன்று கேட்டிருந்தார்கள். மாதிரிக்காகப் பதினொரு அறிக்கைகளைப் படித்தேன். அத்தனை பேரும் குழந்தைப் பருவத்திலிருந்தே இயந்திரங்களால் ஈர்க்கப்பட்டவர்கள். என்னைக் குழந்தைப் பருவத்தில் ஈர்த்தது பள்ளி விடுமுறை ஒன்றுதான். தலைமைப் பண்பை வெளிப்படுத்திய சந்தர்ப்பத்தை ஐந்நூறு சொற்களில் விவரிக்கச் சொன்னார்கள். ஒரு பம்பு கசிந்ததால் லாரி நிறைய ஏற்றிய சரக்கை நான் திருப்பி இறக்க வைத்ததுண்டு. முதலாளி ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. இதை எழுத நாற்பது சொல் போதுமானதாக இருந்தது. மீதி நானூற்று அறுபது சொற்களுக்கு நான் ஒரு தொலைநோக்குப் பார்வை கொண்ட பெண்ணாக மாறினேன்.

இவை போக இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். பரிந்துரைப்பவரின் மின்னஞ்சலுக்குக் கல்லூரியே ஒரு இணைப்பை அனுப்பும். விண்ணப்பதாரர் பார்க்கக் கூடாத இரகசியம் என்று அதில் போட்டிருக்கும். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. புகழப்பட வேண்டியவரே புகழுரையை எழுதிக்கொண்டு போவார். புகழ்கிறவர் கீழே கையொப்பம் மட்டும் போடுவார். பிரிவு மேலாளரும் அதையே சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பதினொரு நாள் வைத்திருந்தார்.

மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். தனியாக இருக்கும்போது, அதுவும் ஏதாவது வேண்டியிருந்தால்தான், அக்கா. அன்று பத்தே காலுக்கு நான் அறைக்குள் நுழைந்ததுமே அக்கா என்றார். ஏதோ ஒன்று வரப்போகிறது என்று தெரிந்துகொண்டேன்.

கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். நான் எழுதிய கடிதம்தான், காற்புள்ளி உட்பட. கடைசியில் ஒரு வாக்கியம் மட்டும் புதிது. இவர் என்னுடைய வழிகாட்டுதலின் கீழ் தரக் கட்டுப்பாட்டின் அடிப்படைகளைக் கற்றுத் தேர்ந்தார்.

அவர் முதன்முதலில் எழுதிய பரிசோதனை அறிக்கையில் நான் சிவப்பு மையால் பதினேழு திருத்தங்கள் போட்டேன். அந்த நாள் என் நாட்குறிப்பில் இருக்கிறது. தேதியையும் சொன்னேன்.

"அக்கா, அது ஒரு பார்மாலிட்டியாக்கும். அங்க உள்ளவ இதெல்லாம் வாசிச்சிட்டா இருக்காவ?"

"வாசிக்க மாட்டாவன்னா எடுத்துரலாமே."

சிரித்தார். அந்த வரி இல்லையென்றால் தான் என் மேலதிகாரி என்பது தெரியாமல் போய்விடும், கடிதத்துக்கு எடை இருக்காது என்று பொறுமையாக விளக்கினார். அனுப்பட்டுமா என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். இரண்டு கடிதம் இல்லாத விண்ணப்பத்தை இணையவாசல் ஏற்காது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மாலை திரும்பும் வழியில், இரண்டாவது கடிதத்துக்காகக் கொல்லயிலில் இறங்கினேன். எங்கள் தொழிற்சாலையின் முன்னாள் தலைமைப் பொறியாளர் அங்கே இருக்கிறார். என்னை வேலைக்கு எடுத்தவர். எட்டு வருடம் எனக்கு ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதியவர். அந்த எட்டின் நகல்களும் பிளாஸ்டிக் உறையிட்டு, வருட வரிசையில், என் அலமாரியில் உள்ளன. 'பிழையைப் பொறுக்காத அரிய நேர்த்தி' என்று அவற்றில் அவர் எழுதியிருந்ததை நோக்க அறிக்கையின் இரண்டாம் பத்திக்கு முதல் வரியாக வைத்திருந்தேன்.

கல்லூரி அனுப்பிய இணைப்பைத் திறந்து, கைபேசியை என்னிடமே நீட்டி, பூர்த்தி செய்யச் சொல்லிவிட்டு அவர் தேங்காய் எண்ணப் போனார். முதல் கேள்வி, விண்ணப்பதாரரோடு உங்கள் உறவு என்ன. மேலதிகாரி, சக பணியாளர், அவருக்குக் கீழே பணியாற்றியவர் என்று மூன்று கட்டங்கள். மேலதிகாரியைத் தொட்டேன். பிறகு தரவரிசை. நேரம் தவறாமையில் முதல் ஒரு சதவீதம்; அதில் சந்தேகமில்லை. தொழில் அறிவில் முதல் பத்து. பிறரோடு ஒத்துப்போவதில் கொஞ்சம் யோசித்து, கடைசிப் பாதி.

திரும்பி வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மக்கா, இது யாரப் பத்தி?"

"என்னப் பத்தித்தான் சார்."

"இதுல போயி உள்ளத எழுதுவாவளா? முப்பது வருசம் ரிப்போர்ட் எழுதினேன். ஒருத்தருக்கும் உள்ளது எழுதினதில்ல. எல்லாருக்கும் ஒரே வாசகம். பேரு மட்டும் மாத்துவேன்."

"எனக்குமா சார்?"

"உனக்கு மட்டும் என்ன கொம்பா?"

பெருமையாகத்தான் சொன்னார். யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்ற பெருமை. அந்த அரிய நேர்த்தி, வேலை நேரத்தில் வாழைக்குலை விற்கப் போய்விடும் ஸ்டோர் கீப்பருக்கும் உண்டு என்று அப்போதுதான் அறிந்தேன். கைபேசியை வாங்கி எல்லாக் கட்டத்திலும் முதல் ஒரு சதவீதத்தைத் தொட்டு, நான் தடுப்பதற்குள் அனுப்பிவிட்டார். உலகத்தோடு ஒத்துப்போகிற நூறில் ஒருத்தியாக நான் தேங்காய்க் குவியலைத் தாண்டி வெளியே வந்தேன்.

வீட்டில் 6.30க்கு நோக்க அறிக்கையைத் திறந்து இரண்டாம் பத்தியை அழித்தேன். அதன் பிறகு அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றி யோசித்தேன். எனக்குக் கீழே பணியாற்றியவர். முதலில் நினைவுக்கு வந்தவர் மேலாளர்தான். ஆனால் அவர் அந்தக் கட்டத்தைத் தொடமாட்டார். அடுத்து வந்தவர் மெஷின் ஷாப் ஃபிட்டர். பதினேழு வருடமாக என் பரிசோதனைக்குக் கீழே வேலை பார்க்கிறார். ஒருமுறை அவர் பொருத்திய பம்பை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். ஸ்பானரைத் தரையில் எறிந்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான்காவது தடவை அது கசியவில்லை.

மேலாளரின் பெயரை நீக்கி ஃபிட்டரின் பெயரைப் பதிந்தேன். ரயில் டிக்கெட் எடுப்பதற்காக அவர் ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தார். போன் செய்தேன்.

"எனக்கு இங்கிலீஷ் எழுத வராதே மேடம். நீங்க எழுதுங்க, நான் அமுக்குதேன்."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். சொன்னத மட்டும்."

"சொன்னது எல்லாமுமா?" என்று கேட்டார்.

எல்லாமும்தான் என்றேன். கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, காரியம் கெட்டது என்றார். இருக்கலாம். மேலாளருக்குக் கடிதம் வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்று உடனே வந்தது.

மறுநாள் புதன்கிழமை, முந்தைய பேருந்தைப் பிடித்து 7.50க்குத் தொழிற்சாலைக்குப் போனேன். முதல் வேலையாகக் கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தாளும் பேனாவுமாக ஃபிட்டர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பஞ்சுக் கழிவில் துடைத்தபடி, வாசலில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

"இவங்களுக்கு வாய் கொஞ்சம் கூடுதலாக்கும்."

எழுதினேன்.